வேகத்தடை கேட்கப் போய் நடைபாதை வாங்கினோம்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் புத்தகப் பையில் ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி மாட்டி, அவளை நாலெட்டுத் தூரம் இழுத்துச் சென்றுவிட்டது. முழங்கைச் சிராய்ப்போடு தப்பினாள். அன்று மாலையே பெற்றோர் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டு, பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டு மனு எழுதினோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம்.

பதில் இல்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தச் சாலை யாருடைய பொறுப்பு என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். 30 நாள் கெடுவுக்குள் பதில் வந்தது: சாலை மாநகராட்சியுடையது அல்ல, நெடுஞ்சாலைத் துறையுடையது. மனு எழுதப் போகிறவர்கள் சாலை யாருடையது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு இரண்டு மாதம் வீணாயிற்று.

மனுவை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் அதைப் படித்துவிட்டு, "வேகத்தடை போடலாம் அம்மா. ஆனால் பிள்ளைகள் நடக்க இடம் இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அளவு நாடாவும் நோட்டுமாகப் போய் நின்றேன். நடைபாதை என்று பெயருக்கு ஒன்று இருந்தது. டிரான்ஸ்பார்மர், டீக்கடையின் கூரை, நிறுத்திய வண்டிகள் போக, மிகக் குறுகிய இடத்தில் மிஞ்சியது 40 சென்டிமீட்டர். பிள்ளைகள் சாலையில் இறங்கி நடந்ததற்குக் காரணம் இதுதான். வாசலை அடைத்து நின்ற வண்டிகளையும் கோடு போட்டு எண்ணினேன். பாதிக்கு மேல் எங்களைப் போன்ற பெற்றோருடையவை. அதை எழுதும்போது மனம் கனத்தது.

இரண்டாவது மனு ஒரே பக்கம்தான். கூடவே கையால் வரைந்த வரைபடம். நடப்பதற்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் சொல்லும் அளவுகளைக் குறிப்பிட்டேன். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றதையும் சேர்த்தேன்.

அலுவலகத்தைவிடக் கடினமாக இருந்தது பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டம். வண்டிகளைக் கோயில் குளத்தெருவிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து பிள்ளைகளை நடத்தி அழைத்து வரலாம் என்றேன். "மழை பெய்தால்?" "வேலைக்கு நேரமானால்?" என்று கேள்விகள் எழுந்தன. நியாயமான கேள்விகள்தான். முதல் வாரம் நாங்கள் ஆறு பேர் முறைவைத்து நின்று எல்லாப் பிள்ளைகளையும் அழைத்து வந்தோம். அதைப் பார்த்த பிறகே மற்றவர்கள் சம்மதித்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு பக்கம் நடைபாதை வந்தது. வண்டி ஏறாதபடி கல்தூண்களும், வாசலுக்கு நேரே வரிக்கோடுகளும் போட்டிருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர் இன்னும் நகரவில்லை. அந்த இடத்தில் மட்டும் பிள்ளைகள் சாலையில் இறங்கித்தான் ஏறுகிறார்கள். அதை மாற்றுவதற்கான மதிப்பீடு தயாராகிவிட்டது என்கிறார்கள். அதன் நகலைக் கேட்டு வரும் திங்கட்கிழமை மீண்டும் போகிறேன்.