ஏழாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி தவணை

சென்னையை ஒட்டிய ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று எந்தப் பக்கத்துத் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் கேட்டாலும் புகார் ஒன்றுதான்: “இந்தக் காலத்துப் பசங்க நிக்க மாட்டேங்கிறாங்க சார்.” ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு 18, 19 வயதில் வருகிறார்கள். மூன்று மாதத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். போன் மேலும் பொறுப்பின்மை மேலும் பழியைப் போட்டுவிட்டு அடுத்த பேட்சுக்கு ஆள் எடுப்பது சுலபம். நின்றுபோனவனின் கடைசி இரண்டு வாரத்து வருகைப் பதிவையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

முதல் சிக்கல் கையில் இருக்கும் கடிதம். ஒரே லைனில் ஒரே வேலையைச் செய்யும் நான்கு பேர் நான்கு விதமான ஆட்களாக இருக்கலாம்: 1961 தொழில் பழகுநர் சட்டப்படி வந்த அப்ரன்டீஸ், கம்பெனி தன் இஷ்டத்துக்கு ‘ட்ரெய்னி’ என்று எடுத்தவர், ஏஜென்சி அனுப்பிய ஒப்பந்தத் தொழிலாளி, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்டவர். அப்ரன்டீஸுக்குக் கிடைப்பது உதவித்தொகை. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கிடையாது, பழகி முடித்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. காலம் முடிந்து அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறினால், பொதுத்துறை வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது கைகொடுக்கும் தேசியச் சான்றிதழும் உண்டு. இதற்கெல்லாம் ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகி, எண் வந்திருக்க வேண்டும். அந்த எண் இல்லாத ‘அப்ரன்டீஸ்’ ஒரு வருடம் உழைத்தாலும் சான்றிதழ் வராது. சேரும் நாளிலேயே கடிதத்தில் நான்கைப் பார்த்துவிட வேண்டும்: முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது, ஒப்பந்த எண் உண்டா, பிஎஃப் உண்டா, எந்தத் தேதியில் முடிகிறது. கூட்டி வந்த ஏஜென்ட் வாயால் சொன்னது கணக்கில் வராது.

பெயர்க் குழப்பமும் அன்றே தீர வேண்டியது. பள்ளிச் சான்றிதழில் ‘கா. மணிகண்டன்’, ஆதாரில் ‘மணிகண்டன் காளிமுத்து’, வங்கியில் வெறும் ‘மணிகண்டன்’ என்று இருந்தால் பிஎஃப் கணக்கு எண் ஆதாரோடு சேராது. இனிஷியலை விரித்து எழுதும் விதம் ஊருக்கு ஊர் மாறுவதால் நம்மூர்ப் பையன்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஆதாரில் உள்ளபடியே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வதுதான் வம்பில்லாத வழி.

அடுத்தது பணம். இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள்.

பல இடங்களில் வருகைக் கணக்கு மாதம் 20-ம் தேதியோடு மூடப்படும். ஜூன் 22-ல் சேருகிறவனின் முதல் கணக்கு ஜூலை 20-ல் முடிந்து, சம்பளம் ஆகஸ்ட் 7-ல் வரும். நடுவில் 46 நாள். படப்பையிலோ சுங்குவார்சத்திரத்திலோ ஆறு பேர் தங்கும் அறைக்கு அட்வான்ஸ், மெஸ் பணம், ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் இந்த 46 நாளுக்குள். வீட்டில் ஏற்கெனவே மகளிர் குழுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும், அம்மாவிடம் கேட்கக் கூச்சம். கடன் ஆப் உள்ளே வருவது இந்த இடைவெளியில்தான். 5,000 ரூபாய் என்று காட்டி, கட்டணம் கழித்து 3,500-ஐக் கையில் கொடுத்து, ஏழே நாளில் 5,000 கேட்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அனுமதி பெற்ற நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராகக் கடன் வாங்குபவர் கணக்குக்குப் பணம் வர வேண்டும். மொத்தச் செலவைச் சொல்லும் விவரத்தாள் தர வேண்டும். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் ஆப் தொடக்கூடாது. நிறுவும்போதே தொடர்புகளுக்கு அனுமதி கேட்டால், அதோடு நிறுத்திவிடலாம். கம்பெனி தரப்பில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: சேர்ந்த முதல் வாரத்திலேயே 3,000 ரூபாய் முன்பணம், இரண்டு தவணையில் பிடித்தம். ஒரு ஆளை இழந்து இன்னொருவரை எடுத்துப் பழக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது காசே இல்லை.

பிறகு பைக். “மாசம் 18,000” என்று சொல்லி எடுத்தவருக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,000 என்று வைத்துக்கொண்டால் பிஎஃப் 12 சதவீதம் 1,680, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 135. கேன்டீன், பஸ் பிடித்தமும் போனால் கைக்கு 15,500 வரும். அறைக்கு 2,000, வீட்டுக்கு 5,000 போக மீதி 8,500. ஷோரூமில் ஒரு லட்சம் கடனுக்கு ‘12 சதவீதம்தான்’ என்பார்கள். அது முழுத்தொகைக்கும் கடைசிவரை கணக்கிடும் ஃப்ளாட் வட்டி. 24 மாதத்துக்கு மாதம் 5,167. குறைந்துகொண்டே வரும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 21.5 சதவீதம். சாப்பாடு, பெட்ரோல், ரீசார்ஜுக்கு மிஞ்சுவது 3,333 ரூபாய். இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு விழுந்தால் அதிலும் ஆயிரத்துச் சொச்சம் போய்விடும்.

தவணைத் தேதி 5, சம்பளம் 7 என்று அமைந்துவிட்டால் இன்னும் மோசம். கணக்கில் பணமில்லாமல் மாதாமாதம் தவணை திரும்பும். வங்கி ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம். கடன் மதிப்பெண்ணும் இறங்கும். தானியங்கிப் பிடித்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் தேதியை 10 அல்லது 15 என்று மாற்றச் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். கேட்பவர்தான் இல்லை.

ஆன்லைன் ரம்மி தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது. தமிழ்நாடு 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை போட்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றியச் சட்டம் பண விளையாட்டையே மூடியது. அந்த இடத்துக்கு இப்போது வந்திருப்பது கணக்கு வாடகை. “ஏடிஎம் கார்டு, சிம்மோட ஒரு வாரம் குடு மச்சி, 5,000 தர்றேன்.” மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், சைபர் காவல்துறை கணக்கை முடக்கும், சம்பளமும் அதற்குள் மாட்டும், கொடுத்தவன் பெயரும் வழக்கில் வரும். மாட்டியவர் சிம்மை உடைத்துப் போட்டுவிட்டு ஊருக்கு ஓடுவது வழக்கை இறுக்கும். வங்கிக் கிளையில் புகார் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, வழக்கறிஞரோடு நேரில் போவதே வழி. தன் பணம் பறிபோனவர் அழைக்க வேண்டியது சைபர் மோசடி உதவி எண் 1930, முதல் சில மணி நேரத்துக்குள்.

தூக்கத்துக்கு வருவோம். இரவு 10 முதல் காலை 6 வரை சி ஷிப்டு. ஏழரைக்கு அறைக்கு வந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பத்து மணிக்கே கொதிக்கும், ஏ ஷிப்டு (காலை ஷிப்டு) முடித்தவர்கள் மூன்று மணிக்கு வந்து கதவைத் தட்டுவார்கள். நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். விடியற்காலை 3 முதல் 5 வரை உடல் தானாகவே தளரும். பிரஸ் இயந்திரத்தில் கை உள்ளே போகாமலிருக்க இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய பட்டன்களில் ஒன்றை டேப் ஒட்டி வைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். விரல் போவதும் அப்போதுதான். புதியவர்களுக்கு முதல் மாதம் சி ஷிப்டு போடக்கூடாது. சுழற்சி காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு தாங்கும், பின்னோக்கிப் போனால் தாங்காது. ஒரே ஷிப்டுக்காரர்களை ஒரே அறையில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

வேலை கற்றுக்கொடுப்பதில் ஒன்று மட்டும். “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது சார்” என்றுதான் பதில் வரும். வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து அளந்து காட்டச் சொன்னால்தான் 0.02 மில்லிமீட்டர் கோட்டைப் படிக்கத் தெரியாதது வெளியே வரும்.

மணிக்கட்டுக் கயிறு. நாங்குநேரியில் பட்டியலின மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. பள்ளியில் கட்டிய கயிறோடுதான் பலர் இங்கே வருகிறார்கள். அறை பிரிப்பதும் மெஸ்ஸில் உட்காருவதும் சிலசமயம் அந்த நிறத்தைப் பார்த்தே நடக்கிறது. இங்கே அதைக் கழற்றச் சொல்ல விவாதமே தேவையில்லை. சுழலும் லேத் இயந்திரத்தின் பிடியில் (சக்) நூல் சிக்கினால் கையை உள்ளே இழுத்துவிடும், எனவே கயிறு, காப்பு, மோதிரம், கையுறை எதுவும் கூடாது என்பது பாதுகாப்பு விதி. விதி எல்லாக் கைக்கும் பொருந்த வேண்டும், கோயில் கயிறு உட்பட, சூப்பர்வைசர் கை உட்பட. சூப்பர்வைசர் கழற்றாத லைனில் பசங்களும் கழற்றுவதில்லை.