உறைந்த தேங்காயெண்ணெயும் உலர்ந்த கண்ணும்: டெல்லியில் கண் வறட்சியைச் சமாளித்த விதம்

கண்ணில் தண்ணீர் வழிகிறது, டாக்டரோ சீட்டில் கண் வறட்சி என்று எழுதுகிறார். நானும் இந்தக் குழப்பத்தோடுதான் வெளியே வந்தேன். விஷயம் இதுதான்: கண்ணீர்ப் படலத்தில் தண்ணீர் மட்டும் இல்லை. கண்ணோடு ஒட்டியிருக்கும் கோழை, அதன் மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெய் குறைந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், கருவிழி காய்ந்து உறுத்தும். உடனே மூளை அவசரத் தண்ணீரைத் திறந்துவிடும். அதில் எண்ணெய் கிடையாது. வழிந்து கன்னத்துக்குப் போகும், கண் மறுபடி காயும்.

எண்ணெயைத் தருவது இமை விளிம்பில், முடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள். மேல் இமையில் 25-லிருந்து 40 வரை, கீழ் இமையில் 20-லிருந்து 30 வரை இருக்கும். முனிர்காவிலோ மயூர் விஹாரிலோ ஜனவரியைக் கழித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்கும், கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, வெந்நீரில் நிறுத்தினால் இளகும். சுரப்பியிலும் இதுதான் நடக்கிறது. நல்ல எண்ணெய் தெளிவாக, அழுத்தினால் தானே கசியும். கெட்டது பற்பசை மாதிரி புழுப்புழுவாக வரும், இல்லாவிட்டால் வரவே வராது.

அதனால் வைத்தியத்துக்கு முன்னால், குறைவது தண்ணீரா எண்ணெயா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எய்ம்ஸ் வளாகத்து ராஜேந்திர பிரசாத் கண் மையம் முதல் தெருமுனை கண் கிளினிக் வரை இரண்டு சோதனைகள் வழக்கம். முதலில் ஆரஞ்சு நிறக் காகிதத்தால் இமையைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கண் பச்சையாக ஒளிரும். ஒருமுறை இமைத்துவிட்டு அப்படியே விழித்திருக்க வேண்டும். பச்சையில் கறுப்புத் திட்டு விழும் வரை விநாடி எண்ணுவார்கள். 10-க்குக் கீழே என்றால் படலம் சீக்கிரம் உடைகிறது. அடுத்தது ஸ்கர்மர்: மடித்த காகிதப் பட்டையைக் கீழிமையின் விளிம்பில், காதுப் பக்கமாக மாட்டி 5 நிமிடம் விடுவார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் தண்ணீருக்குக் குறைவில்லை. 5-ஐயும் தாண்டாவிட்டால் கண்ணீர்ச் சுரப்பியே சோர்ந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் கணக்குத் தப்பும், பட்டை உறுத்தியதில் கண்ணீர் பெருகிவிடும். அன்று காலை சொட்டு மருந்து போட்டிருந்தாலோ லென்ஸ் மாட்டியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்கர்மரில் 18, உடையும் நேரம் 4 விநாடி என்றால் அது எண்ணெய்ப் பிரச்சினை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். இதற்குத்தான் ஒத்தடம்.

ஒத்தடத்தில் பெரும்பாலோர் தோற்பது சூட்டில். வெந்நீரில் நனைத்த துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், எண்ணெய் இளகவோ இமை 40 டிகிரியில் எட்டு, பத்து நிமிடம் இருக்க வேண்டும். சுத்தமான பருத்திக் காலுறையில் 150 கிராம் பச்சரிசியைப் போட்டு முடிச்சிடுங்கள். மைக்ரோவேவில் 20 விநாடி, போதாவிட்டால் இன்னும் 5. தோசைக்கல்லில் சூடு பண்ணுவதென்றால் புரட்டிப் புரட்டி வாட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் கொதித்திருக்கும். குலுக்கிவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தில் பத்து விநாடி வைத்துப் பாருங்கள். கையை இழுக்கத் தோன்றினால் அது இமைக்கு ஆகாது. சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி மங்கியவர்களுக்கு வேறொருவர் தொட்டுப் பார்ப்பது பத்திரம். படுத்துக்கொண்டு, மூடிய கண் மேல் சும்மா வைத்தால் போதும், அழுத்தக் கூடாது. ஐந்து நிமிடத்தில் ஒருமுறை மறுபடி சூடுபண்ண வேண்டியிருக்கும். அரிசி கருகல் வாசம் அடித்தால் மாற்றிவிடலாம்.

எடுத்தவுடனே நீவ வேண்டும். எழுந்து போய் காபி போட்டுவிட்டு வந்தால் எண்ணெய் மறுபடி இறுகிவிடும். கீழே பார்த்தபடி மேலிமையை மேலிருந்து முடி வரை, மேலே பார்த்தபடி கீழிமையை கீழிருந்து முடி வரை, ஆறேழு தடவை மெதுவாக. கண் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். கசிந்த எண்ணெய் பரவுவதால் அப்படி, ஐந்து நிமிடத்தில் தெளியும். சமீபத்தில் கண் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் நீவக் கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு இமைக்காமல் உட்கார்ந்தால் பலன் பாதிதான். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 தடவை இமைக்கிறவர், திரையைப் பார்க்கும்போது 5, 6-க்கு இறங்கிவிடுகிறார். அதிலும் பாதி அரை இமைப்பு, மேலிமை கீழிமையைத் தொடுவதே இல்லை. எண்ணெயை வெளியே தள்ளுவதே முழு இமைப்புதான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி 20 விநாடி பார் என்கிறார்களே, அது அசதிக்கு நல்லது. வறட்சிக்கு அந்த 20 விநாடியில் நான்கைந்து முறை கண்ணை முழுசாக மூடித் திறக்க வேண்டும். கழுத்துவலிக்காக லேப்டாப்பை உயரமான ஸ்டாண்டில் ஏற்றியவர்கள் இன்னொன்றும் கவனிக்கவும்: பார்வை மேலே போனால் கண் அகலத் திறக்கும், ஆவியாகும் பரப்பும் கூடும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.

டெல்லிக் காற்று தனிக் கதை. மே, ஜூனில் மேற்கிலிருந்து அடிக்கும் லூ என்ற அனல்காற்று, பால்கனித் துணியை அரை மணியில் காயவைக்கிறது. பைக்கில் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டினால் கண்ணுக்கும் அதே கதிதான். அந்த மாதங்களில் ஏசியைவிட வெட்டிவேர்த் தட்டி போட்ட கூலர் கண்ணுக்கு இதம், ஈரத்தோடு காற்றைத் தருகிறது. ஆனால் முகத்துக்கு நேரே வைக்காதீர்கள், தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள், டெங்கு கொசுவுக்கு அது பிடித்த இடம். தலைக்கு மேல் ஃபேன் ஓடி, தூக்கத்தில் இமை முழுசாக மூடாதவர்களுக்குக் காலையில்தான் எரிச்சல் அதிகம். கட்டிலை நகர்த்துவது எந்த மருந்தையும்விட மலிவு. குளிர்காலத்தில் ஹீட்டர் அறைக் காற்றை உலர்த்தும். நவம்பர்ப் புகையில் பக்கவாட்டும் மூடிய கண்ணாடி உதவும்.

நம் வீடுகளின் கைவைத்தியத்துக்கு வருவோம். நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய். இங்கே வந்த பிறகு அக்கம்பக்கத்தார் சொல்லும் குலாப் ஜல், அதாவது பன்னீர். எதுவும் கிருமி நீக்கியதில்லை, எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள், கருவிழியில் புண் வந்தால் தழும்பு நிற்கும். விளக்கெண்ணெய் சேர்த்த சொட்டு மருந்துகள் உண்டே என்றால், அவை கிருமி நீக்கிக் குழம்பாக்கித் தயாரிப்பவை. மளிகைக்கடை பாட்டில் வேறு. வடக்கே கண்ணில் தீட்டும் சுர்மாப் பொடியில் ஈயம் இருக்கக்கூடும். கண்மையை முடிக்கு உள்பக்கம் தீட்டினால் சுரப்பி வாயையே அடைக்கிறோம். குழாய்த் தண்ணீரைக் கண்ணில் அடித்துக் கழுவுவது அந்த நிமிடம் சுகம், இருக்கிற எண்ணெயும் போய்விடும்.

மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3-ஐ ஓராண்டு கொடுத்தும், ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. மத்திச் சட்டியை நிறுத்த வேண்டாம், காசு கொட்டி மாத்திரை வாங்கவும் வேண்டாம். அதைவிட மாத்திரை டப்பாவைப் பாருங்கள்: சளிக்கான செட்டிரிசின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாம் கண்ணை உலர்த்தும். தானாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

சொட்டு மருந்து என்றால் 0.5% கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர். நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பதனப்பொருள் சேர்க்காத, ஒருமுறை உடைக்கும் குட்டிக் குப்பி வாங்குங்கள். பாட்டிலில் பதனப்பொருளாக இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடே கண்ணை அரிக்கும். கண்சிவப்பைப் போக்கும் நாஃபாசோலின் சொட்டு இதற்கு ஆகாது, நிறுத்தியதும் சிவப்பு இன்னும் கூடும். ஒரு சொட்டு போதும், இரண்டாவது கன்னத்துக்குத்தான்.

வலி, பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்கக் கூச்சம், ஒரு கண் மட்டும் சிவத்தல் என்றால் அரிசிப் பையை ஓரம் வைத்துவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வாயும் வறண்டு மூட்டும் வலித்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஸ்யோக்ரன் நோய்க்கு ரத்தப் பரிசோதனை. மற்றபடி தினம் இருவேளை ஒத்தடம் நான்கு முதல் ஆறு வாரம், பிறகு மறுபடி அந்த நீல வெளிச்சச் சோதனை. 4 விநாடி 8 ஆகியிருந்தால் ஒருவேளையாகக் குறைக்கலாம். தீபாவளிப் புகை தொடங்கும்போது மறுபடி இருவேளை.