அண்ணா என்றால் யார்? – லண்டன் நாட்குறிப்பு

12 பெப்ரவரி 2019, செவ்வாய்

தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டால், கடிதம் அனுப்பப்பட்ட திகதியிலிருந்து மேன்முறையீட்டுக்கு 14 நாட்களே உண்டு. இன்று வந்த தம்பி அவற்றில் 6 நாட்களைக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கழித்திருந்தார். சட்டத்தரணி பந்தி பந்தியாக வாசிக்க நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். முதல் நேர்காணலில் தன் சகோதரர் இயக்கத்தில் இருந்ததாகக் கூறியவர், இரண்டாவதில் தனக்குத் தங்கைமார் மட்டுமே என்கிறார், ஆகவே நம்பத்தக்கவர் அல்லர் என்றிருந்த இடத்தில் அவர் நிமிர்ந்தார்.

"பெரியப்பாவின்ர மகன் அக்கா. அவரை அண்ணா எண்டுதானே சொல்லுறது?"

அன்றிருந்த மொழிபெயர்ப்பாளர் 'பிரதர்' என்று சொல்லிக் கடந்திருக்கிறார். அவசரத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

14 பெப்ரவரி, வியாழன்

மேன்முறையீடு போய்ச் சேர்ந்தது. வாரம் 37.75 பவுண்ஸ் உதவிப்பணத்தில் வாழ்பவர் என்பதால் அரச சட்ட உதவி கிடைக்கிறது. என் கூலியும் அதிலிருந்துதான்.

21 பெப்ரவரி, வியாழன்

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கைப்படி, துன்புறுத்தலுக்கு இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கவேண்டும். அந்தக் காரணம் நிறுவப்படாவிட்டாலும், திரும்பினால் சித்திரவதை போன்ற பாரிய தீங்கு நேரும் என்று காட்டினால் மனிதாபிமானப் பாதுகாப்புக் கோரலாம். இரண்டுக்கும் 5 வருட வதிவிட அனுமதிதான். "அப்ப எதைக் கேக்கிறது?" என்றார் தம்பி. இரண்டையும்தான் என்றார் சட்டத்தரணி.

6 மார்ச், புதன்

மருத்துவ அறிக்கையைத் தமிழில் சொல்லும் வேலை. சித்திரவதைக் காயங்களைப் பதிவுசெய்வதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை, தழும்பு அவர் சொல்லும் காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஐந்து படிகளில் வைக்கிறது: (1) பொருந்தாது; (2) பொருந்தும், ஆனால் வேறு பல காரணங்களும் இருக்கலாம்; (3) மிகப் பொருந்தும், வேறு காரணங்கள் சிலவே; (4) இவ்வகைக் காயத்தில் வழமையாகக் காணப்படுவது; (5) வேறெதனாலும் வந்திருக்க முடியாது. இவருடைய முதுகுக்கு மூன்றாவது படி. "டொக்டர் என்னை நம்பினவரோ இல்லையோ?" என்று கேட்டார். ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வியல்ல அது.

இன்றைக்கே உச்ச நீதிமன்றம், சூடான கம்பியால் சுடப்பட்ட தழும்புகளோடு வந்த இன்னொரு இலங்கையரின் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கிறது. வழக்குக்காகவே ஒருவர் தனக்குச் சூடு போடுவித்துக்கொள்வது மிக மிக அரிது என்பதை எடைபோட்டே தீரவேண்டும் என்கிறது தீர்ப்பு. சட்டத்தரணி அதை இரண்டு பிரதி எடுத்தார்.

8 மார்ச், வெள்ளி

கையொப்பத்துக்கு முன் வாக்குமூலம் முழுவதையும் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டினேன். 'அண்ணா' இம்முறை மொழிபெயர்க்கப்படாமல் அண்ணாவாகவே நிற்கிறது. பக்கத்தில் ஓர் உறவு வரைபடம் இணைக்கப்படும். பெட்டிகளும் கோடுகளுமாகச் சட்டத்தரணி அதை வரைந்து முடித்தபோது தம்பி தாளை எட்டிப் பார்த்தார்.

"பெரியம்மாவின்ர மகனும் அண்ணாதான் அக்கா. அவரையும் போடவோ?"

புதுத் தாள் எடுத்தோம்.