பெருமாள் வாசலிலிருந்து புறப்படுகிறோம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் உட்கார நேரமிருக்காது. சிங்கப்பூரின் தெங்கா வட்டாரத்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டும். மகன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிறான். என் வீட்டுக்காரர் தீ மிதிக்கிறார். இத்தனை காலம் பார்த்த கணக்கு வேலையை விட்டுவிட்டு நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். நடுவில் தீபாவளி வேறு. "எப்படிடி சமாளிக்கப் போறே?" என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. எனக்கோ பயத்தைவிட ஆவல்தான் அதிகம். இவற்றில் வேண்டாமல் வந்தது ஒன்றுகூட இல்லை. வருஷக்கணக்கில் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்து வருகிறதென்றால், அது பெருமாள் போட்ட கணக்கு.

வீட்டில் ரெனவேஷன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. புரட்டாசியில் குடி போகக்கூடாது என்பதால் காத்திருக்கிறோம். கொரோனா காலத்தில் விண்ணப்பம் போட்ட வீடு அது. கட்டுமான வேலைகள் நின்று, தள்ளிப்போய், இன்னும் தள்ளிப்போய் ஒருவழியாகச் சாவி கைக்கு வந்தது. அவ்வளவு பொறுத்தவர்களுக்கு ஒரு மாதம் பெரிதா என்ன? அதுவும் பெருமாளுக்குரிய மாதம். "மொதல்ல அவருக்குச் சேர வேண்டியத சேத்துருவோம், மத்ததெல்லாம் அப்புறம்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

சேர வேண்டியது ஒரு வெள்ளிக் காசு. விண்ணப்பம் போட்ட அன்றே அம்மா குளித்துவிட்டு வந்து, மஞ்சளில் நனைத்த துணியில் அதை முடிந்து சாமி அலமாரியில் வைத்தார். வீடு அமைந்தால் புரட்டாசிச் சனிக்கிழமை நேரில் வந்து உண்டியலில் சேர்ப்பதாக வேண்டுதல். துணி காய்ந்து அப்பளம் மாதிரி விறைத்துப்போனது. சாமி அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா அதை எடுத்து நெற்றியில் ஒற்றி, அதே இடத்தில் வைப்பார். அவருக்கு முட்டி தேய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும், "காச நான்தான் போடுவேன்" என்பதில் மாற்றமில்லை.

அப்படித்தான் போன சனிக்கிழமை விடிவதற்குள் எழுந்து, ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி, சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். அந்நேரத்துக்கே வரிசை கோயில் சுவரைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டது. வழக்கமாக வாங்குகிற துளசி மாலைக்கு அன்று கேட்ட விலையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெருமாளுக்குச் சாற்றுவதில் பேரம் பேசக்கூடாது என்று அம்மா கண்ணைக் காட்டியதால் பேசாமல் கொடுத்தேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். புரட்டாசி வந்ததும் துளசிக்கு விலை ஏற்றுவது நியாயமே இல்லை.

முதியவர்களுக்குத் தனி வரிசை இருந்தது. அதுவும் நீளம். பந்தலுக்குள் நுழையும் முன்பே வானம் இருண்டு மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. பந்தல் விளிம்பிலிருந்து தண்ணீர் சரியாக அம்மாவின் மடியில் ஊற்றியது. குடையைப் பிடித்தால் சக்கரத்தைத் தள்ள முடியவில்லை, சக்கரத்தைத் தள்ளினால் குடை நிற்கவில்லை. இதற்கிடையில் ஒரு கூட்டம், "முன்னாடி எங்க ஆளு நிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே எங்களை இடித்துக்கொண்டு போனது. ஒருவர் இருவர் அல்ல, ஒரு குடும்பமே. பாதணிகூடப் போடாமல் கைத்தடியோடு நிற்கிற பாட்டிமார்களைத் தாண்டிப் போய்ப் பெருமாளிடம் என்னதான் கேட்பார்களோ! தொண்டூழியம் செய்துகொண்டிருந்த ஒரு பையன்தான், என் மகன் வயதுதான் இருக்கும், ஓடி வந்து குடையை வாங்கிச் சன்னிதிப் படி வரைக்கும் அம்மாவுக்குப் பிடித்தபடியே வந்தான். அவன் நன்றாக இருக்க வேண்டும்.

நிற்கிற நேரத்தில் அம்மா பழைய கதைகளை எடுத்துவிட்டார். 1855இல் நரசிம்மப் பெருமாள் கோயிலாக ஆரம்பித்த இடம் இது. வணிகர் கோவிந்தசாமிப் பிள்ளை கொடையில் ராஜகோபுரம் எழுந்ததையெல்லாம் அம்மா கண்ணால் பார்த்தவர். 1978இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். அம்மா எப்போதும் ஒன்று சொல்வார்: "சிங்கப்பூருல யாரு எங்க போறதுன்னாலும் இங்கேருந்துதான் கெளம்புறாங்க." உண்மைதானே. தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகனிடம் போகிற காவடிகள் புறப்படுவது இந்த வாசலில். தீமிதிக்கு சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனிடம் போகிற ஊர்வலம் புறப்படுவதும் இதே வாசலில்தான். முருகனுக்கு நேர்ந்துகொண்டவரும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவரும் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் அடி வைக்கிறார்கள். எங்கள் ஐப்பசிக்கு முன்னால் வந்து நிற்க இதைவிடச் சரியான இடம் எது?

எங்கள் முறை வந்தபோது திரை போட்டிருந்தார்கள். உள்ளே அலங்காரம். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், பக்கத்தில் ஒருவர் திரை விலகுவதற்கு முன்பே கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், எனக்கு எரிச்சலாக வந்தது. மணி அடித்தது. திரை விலகியது. "கோவிந்தா!" என்று மொத்தக் கூட்டமும் எழுப்பிய சத்தத்தில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. நெற்றி நிறைய நாமம், தோளிலிருந்து இறங்கிய துளசி, தீபாராதனை வெளிச்சத்தில் அந்த முகம். நான் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், மகனுக்கு இது, அவருக்கு இது, எனக்கு இது என்று. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண்ணீர்தான் வந்தது.

அம்மா அழவில்லை. பேசினார். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, எதிரில் நிற்கிற அண்ணனிடம் பேசுகிற மாதிரி.

"ஸ்ரீநிவாசா, எல்லாத்தையும் ஒரே மாசத்துல குடுத்துட்டே. வேணாம்னு நான் சொல்லல. தெங்கா எனக்குத் தெரியாத எடம். நீயும் கூட வந்துரு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா இருந்தது தோ பாயோவில் அதே மூவறை வீட்டில்தான். அப்பா போனதும் அங்கேதான். அடுத்த வீட்டு சீன ஆன்ட்டியோடு இன்றைக்கும் பழைய மலாயில்தான் பேச்சு. இவர் தோசை கொடுத்தால் அவர் ஆரஞ்சு கொடுப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மாவுக்கு முகம் தெரியும். அந்த வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வருகிறேன் என்று அம்மா சம்மதித்ததிலிருந்து ஒரு முணுமுணுப்பு கிடையாது. நாங்கள் மூவரும் எங்கள் மாற்றங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எல்லோரையும்விடப் பெரிய மாற்றத்துக்குப் போகிறவர் பெருமாளிடம் மட்டும் சொன்னார்.

பட்டாச்சாரியார் காதில் அது விழுந்திருக்க வேண்டும். தீர்த்தம் கொடுத்து, சடாரி சாற்றும்போது அம்மா தலையில் ஒரு நொடி கூடுதலாக வைத்த மாதிரி இருந்தது எனக்கு. பெருமாள் பாதத்திலிருந்து ஒரு கொத்துத் துளசியை எடுத்து அம்மா கையில் வைத்து, "வருவார்மா, நல்லபடியா போங்க" என்றார். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு அவசரத்தில், எங்களுக்கென்று ஒரு வாக்கு. இதற்குமேல் என்ன வேண்டும்? அந்த நொடியிலிருந்து என் உடம்பில் ஒரு தெம்பு வந்திருக்கிறது. இன்னும் இறங்கவில்லை.

உண்டியலுக்கு வந்தோம். முடிச்சை அவிழ்த்துக் காசை மட்டும் போடலாமா என்று கேட்டேன். அம்மா முறைத்தார். முடிச்சோடு போட்டார். உள்ளே விழுகிற சத்தத்துக்காகக் காது கொடுத்து, கேட்டதும் "சரி" என்றார். மகாலட்சுமித் தாயார், ஆண்டாள், அனுமார் எல்லோரையும் சேவித்துவிட்டு, அன்னதான வரிசையிலும் நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். மழையும் விட்டிருந்தது.

என் வீட்டுக்காரரின் வேண்டுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகனுக்குச் சின்ன வயதில் டெங்கி வந்து, ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போய், மருத்துவமனையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தோம். அன்று இவர் மாரியம்மனிடம் கேட்டது, "இவன் ஆளாகி ராணுவத்துக்குப் போற வருஷம் தீ மிதிக்கிறேன் தாயே" என்று. 1840 முதல் எத்தனை எத்தனை பேர் அவள் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழியைக் கடந்திருக்கிறார்கள்! இப்போது அவன் இவரைவிட உயரம். ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங் போவதற்கு உடற்பயிற்சி செய்கிறேன் என்று காலையில் ஓடுகிறான். இவர் விரதத்துக்குத் தயாராகிறார். ஒருவர் காப்புக் கட்ட, இன்னொருவர் தலைமுடி வெட்ட என்று இந்த வீட்டில் ஐப்பசி பிறக்கப்போகிறது. அம்மா தாயே, அன்றைக்கு நீ கொடுத்த பிள்ளை இவன்.

பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. தோ பாயோ சாமி அலமாரியில் இருக்கும் பெருமாள் படம்தான் முதலில் உள்ளே போகும், அதுவும் அம்மா மடியில். அப்புறம் உப்பு, அரிசி, மஞ்சள், குத்துவிளக்கு. சீன ஆன்ட்டியையும் அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லிவிட்டார். என்ன பழம் கொண்டுவரலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

தீமிதி அன்று நானும் பெருமாள் கோயிலிலிருந்து மாரியம்மன் கோயில்வரை அந்த நான்கு கிலோமீட்டரும் அவர் பின்னால் நடப்பேன். பழைய வேலையில் என் கடைசி நாள் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. புது வேலை அதற்கு அடுத்த வாரம். யாரிடமும் போய் விடுப்புக் கேட்கத் தேவையில்லாமல் பெருமாளே நாளை ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். கோவிந்தா, கோவிந்தா!