டிரேட் டெஸ்ட் கார்ப்ரேட்டர் ஜாப்: திருகுவதற்கு முன் ஆக்ஸிலேட்டரில் கோடு போடுங்கள்

ஐடிஐ டூ வீலர் மெக்கானிக் டிரேட் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். சர்டிபிகேட் கையில் வர இன்னும் நாளாகும் என்கிறார்கள், பரவாயில்லை. கம்ப்யூட்டரில் எழுதும் தியரி தேர்வான சிபிடி பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வினா வங்கியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் போதும் என்று அவர்கள் சொல்வதும் சரிதான். நான் எழுதுவது பிராக்டிகல் பற்றி, அதிலும் கார்ப்ரேட்டர் ஜாப் பற்றி மட்டும், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகத்தைக் கழற்றிப் பூட்டிச் சரிசெய்யும் வேலை. பிரேக், கிளட்ச், வயரிங்கை வேறு யாராவது எழுதட்டும்.

"எஃப்ஐ வந்தாச்சு, இனிமே கார்ப்ரேட்டர் எதுக்கு?" என்று எங்கள் பேட்ச்சில் பாதிப்பேர் அதைத் தொடவே இல்லை. எஃப்ஐ என்றால் ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்ப்ரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. உண்மைதான், 2020-இல் வந்த பிஎஸ்6 புகை விதிக்குப் பிறகு டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் கூட எஃப்ஐ ஆகிவிட்டது. ஆனால் ஐடிஐ ஷெட்டில் நிற்பது பிஎஸ்6 வண்டியா? எங்களுக்கு வைத்தது டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் சூப்பர். அடுத்த பேட்ச்சுக்கு அதைவிடக் கிழடு, ஒரு டிவிஎஸ் 50. 1980-இல் ஓசூரில் இருந்து வர ஆரம்பித்த வண்டி இன்னும் பையன்களுக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறது!

ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். நான் படித்த இடத்தில் குறுக்கே வெட்டிய கார்ப்ரேட்டர் மாடல் ஒன்று, சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்து, அழகாக இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள். பூட்டித்தான் இருந்தது. சாவி யாரிடம் என்று கோர்ஸ் முடியும் வரை யாரும் சொல்லவில்லை. கடைசியில் பழைய இரும்புக்கடையில் ஒரு செத்த கார்ப்ரேட்டரை எடைக்கு வாங்கி, வீட்டில் பழைய பேப்பரை விரித்துக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். உங்கள் ஊரிலும் அதே கதை என்றால் நேராக இரும்புக்கடைக்குப் போங்கள்.

சரி, விஷயம். கார்ப்ரேட்டரில் எந்தக் கோளாறு வைத்தாலும், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எது கேட்டாலும், முதலில் மனசுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது? இதற்குப் பதில் தெரியாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

ஸ்லைடு கார்ப்ரேட்டரில் நாம் கேபிளை இழுக்க இழுக்க, காற்று வழியை அடைத்து நிற்கும் ஸ்லைடு நேராக மேலே ஏறுகிறது. அது ஏறி நிற்கும் உயரத்தைப் பொறுத்துத்தான் பெட்ரோலை எந்தப் பாகம் முடிவு செய்கிறது என்பது மாறும். கலவையில் பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை.

- மூடியதிலிருந்து அரைக்கால் வரை: பைலட் ஜெட், ஏர் ஸ்குரூ
- அரைக்காலிலிருந்து கால் வரை: ஸ்லைடின் அடியில் உள்ள சரிவான வெட்டு, அதாவது கட்அவே
- காலிலிருந்து முக்கால் வரை: ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும், அது நுழையும் நீடில் ஜெட்டும்
- முக்காலுக்கு மேல்: மெயின் ஜெட்

இந்த எல்லைகள் கத்தி வைத்து வெட்டினாற்போல இருக்காது, ஒன்றின் வேலை அடுத்ததற்குள் கொஞ்சம் நீளும். இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இல்லாதது என்னவென்றால், கால் எங்கே, அரை எங்கே என்று வண்டியில் நிற்கும்போது எப்படித் தெரியும்? கைப்பிடியின் சுற்றை நாலாகப் பிரித்தால் கணக்கு ஏறுமாறாகிவிடும். கேபிளில் லூஸ் இருக்கும், கைப்பிடியும் கொஞ்சம் வெறுமனே சுற்றும்.

அதற்கு ஒரு வழி. முதலில் கேபிள் அட்ஜஸ்டரில் லூஸைக் குறைத்து விடுங்கள், ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பினால் ரேஸ் தானாக ஏறாத அளவுக்கு மட்டும் மிச்சம் இருக்கட்டும். ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றினால் கார்ப்ரேட்டர் வாய் தெரியும். வாயின் விட்டத்தை வெர்னியரில் அளங்கள். 12 மி.மீ. என்றால் அரைக்கால் 1.5, கால் 3, அரை 6, முக்கால் 9 மி.மீ. டிரில் பிட் பெட்டியில் இந்த அளவெல்லாம் இருக்கும். பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கத்தை ஸ்லைடுக்கு அடியில், கட்அவே இல்லாத இன்ஜின் பக்க விளிம்பு அதன்மேல் உட்காரும்படி கொடுத்து, ஆக்ஸிலேட்டர் கைப்பிடியை மெதுவாக விட்டால் ஸ்லைடு அதன்மேல் நிற்கும். அந்த இடத்தில் கைப்பிடியில் ஒட்டிய வெள்ளை டேப்பில் பேனாவால் ஒரு கோடு, அசையாத சுவிட்ச் பக்கம் ஒரு கோடு. அடுத்த பிட், அடுத்த கோடு. இன்ஜின் ஆஃபில் செய்ய வேண்டிய வேலை, பிட்டை எடுத்துவிட்டோமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கிக்கர் பக்கம் போக வேண்டும். சில கார்ப்ரேட்டரில் வாய் வட்டமாக இருக்காது, அப்போது ஸ்லைடு ஏறும் முழு உயரத்தை அளந்து பிரியுங்கள்.

என் ஜாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கார்ப்ரேட்டரைக் கழற்றி, கழுவி, பூட்டி, ஐடிலிங் செட் பண்ண வேண்டும். கூடவே ஒரு கோளாறு வைத்திருக்கிறார்கள், கண்டுபிடிக்க வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆனது, ஐடிலிங் நன்றாகவே நின்றது. கொஞ்சம் திருப்பினால் சுத்தமாக ஏறியது. கால் கோட்டைத் தாண்டியதும் ஒரு அடி விட்டு ஒரு அடி எரிகிற மாதிரி 'படக் படக்' என்று திக்கல், பின்னால் புகை. முக்கால் கோட்டுக்கு மேல் திரும்பத் தெளிந்தது. பக்கத்துப் பையன் அவன் வண்டியில் மெயின் ஜெட்டைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தான். நான் மேல் மூடியைத் திறந்து ஸ்லைடை வெளியே எடுத்தேன். நீடிலை ஸ்லைடில் பிடித்து நிறுத்தும் கிளிப், நீடிலில் உள்ள காடிகளில் அடியில் இருக்கும் கடைசிக் காடியில் கிடந்தது. நடுக் காடிக்கு ஏற்றிப் பூட்டினேன்.

"எப்படிப்பா நேரா நீடிலுக்குப் போன?" என்றார் எக்ஸாமினர்.

"கீழயும் நல்லாருக்கு, மேலயும் நல்லாருக்கு சார். நடுவுல மட்டுந்தான் ரிச்சா ஓடுது."

கைப்பிடி டேப்பைக் குனிந்து பார்த்தார். "இது யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் சுலபமான கேள்விகள்தான்.

இந்தக் கிளிப் விஷயத்தில் எல்லோருக்கும் தலைகீழாகக் குழம்பும். கிளிப்பை மேல் காடிக்குக் கொண்டுபோனால் நீடில் கீழே இறங்கும், ஜெட்டின் ஓட்டையை அதிகம் அடைக்கும், லீன். கிளிப் கீழ்க் காடிக்குப் போனால் நீடில் உயரும், நுனி மெலிந்த பகுதி ஓட்டைக்குள் வரும், இடைவெளி கூடும், ரிச். மனப்பாடம் வேண்டாம், ஒரு நீடிலைக் கையில் பிடித்து ஜெட்டுக்குள் விட்டுப் பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

அடுத்து ஏர் ஸ்குரூ. "வெளியே திருகினால் ரிச்சா லீனா?" என்று கேட்டதும் பதில் சொல்லிவிடாதீர்கள், அது வலை. ஸ்குரூ ஸ்லைடுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிற ஸ்குரூ, வெளியே திருகினால் காற்று கூடும், லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையை அளக்கிறது, வெளியே திருகினால் ரிச். வண்டியைக் காட்டி, இடத்தைக் காட்டி, பிறகு பதில்.

ஐடிலிங் செட்டிங்கில் நான் கடைப்பிடித்த வரிசை:

- இன்ஜின் நன்றாகச் சூடாகட்டும், சோக் போடாமல் முழுக்கத் திறந்திருக்கட்டும்
- ஏர் ஸ்குரூவை உள்ளே மெதுவாக, முட்டும் வரை மட்டும் திருகுங்கள். இறுக்கினால் சீட்டில் வடு விழும், அந்த கார்ப்ரேட்டர் அதோடு சரி
- அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே
- ஸ்லைடு ஸ்டாப் ஸ்குரூவில் ரேஸைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்குரூவைக் கால் கால் சுற்றாக நகர்த்துங்கள். ரேஸ் அதிகமாக ஏறும் இடம்தான் இடம்
- ஸ்டாப் ஸ்குரூவில் ரேஸை இறக்குங்கள். திரும்ப ஒருமுறை சரிபாருங்கள்
- சட்டென்று முறுக்கிப் பார்த்தால் திக்காமல் ஏற வேண்டும்

ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஸ்குரூ. நான் நிதானமான ஆள், இரண்டைச் சேர்த்துத் திருகுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதற்றம் வரும். கைவேகம் உள்ளவர்களுக்கு இது இழுவையாகத் தோன்றலாம், தோன்றட்டும்.

எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் நிற்கவில்லை, அல்லது ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் தொங்குகிறது என்றால் கார்ப்ரேட்டரை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் வண்டி ஏர் எடுக்கிறது, அதாவது ஏதோ இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கிறது. மேனிஃபோல்டு பேக்கிங், கார்ப்ரேட்டர் கிளாம்ப், மேக்னட் பக்கத்து ஆயில் சீல், இந்த மூன்றையும் பாருங்கள். ஜாயின்ட்டைச் சுற்றி இரண்டு சொட்டு ஆயில் விட்டு ரேஸ் மாறுகிறதா என்று காட்டினால் எக்ஸாமினருக்கு அதுவே போதும். இதே மாதிரி இன்னொரு ஏமாற்று வேலை சைலன்சர் அடைப்பு. டூ ஸ்ட்ரோக்கில் கரி கட்டினால் வண்டி மேலே இழுக்காது, எல்லோரும் மெயின் ஜெட்டைக் குறை சொல்வார்கள்.

மெயின் ஜெட்டைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சோதிக்க முடியாது. லோடு வேண்டும். ரோட்டில் விட்டால், முழு ஆக்ஸிலேட்டரில் ஓடும்போது பெட்ரோல் டேப்பை மூடிப் பாருங்கள். கார்ப்ரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க வண்டி கொஞ்ச நேரம் நன்றாக இழுத்தால் ஜெட் பெரிது. மாறாக, சோக்கை லேசாகத் தொட்டதும் இழுத்தால் ஜெட் சிறிது. டூ ஸ்ட்ரோக்கில் லீனாக விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஆயிலே பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, பெட்ரோல் குறைந்தால் சூடும் ஏறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ப்ளக் நிறம் கேட்பார்கள்: காபித்தூள் நிறம் சரி, வெள்ளை லீன், கரியும் புகையும் ரிச். ஆனால் ஐடிலில் ஓடிய ப்ளக்கைக் கழற்றிக் காட்டி மெயின் ஜெட்டைப் பற்றிப் பேசாதீர்கள். எந்த நிலையில் ஓட்டினீர்களோ அதே நிலையில் இன்ஜினை ஆஃப் செய்து கழற்றினால்தான் அந்த நிறத்துக்கு மதிப்பு.

பூட்டும்போது:

- ஸ்லைடின் கட்அவே ஏர் ஃபில்டர் பக்கம். பக்கத்தில் உள்ள காடி பாடியில் இருக்கும் பின்னில் உட்கார வேண்டும். மூடியை இறுக்குவதற்கு முன் ஸ்லைடு 'டக்' என்று தானாக விழுகிறதா என்று கேளுங்கள்
- ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. கடையில் கிளட்ச் வயர் இழையால் குத்துவார்கள், எனக்கும் தெரியும். எக்ஸாமினர் முன்னால் வேண்டாம், கிளீனரும் காற்றும் மட்டும்
- மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை, ஓவர்ஃப்ளோவுக்கு அதுதான் காரணம்

வைவாவில் எங்கள் பேட்ச்சுக்கு வந்ததும், பக்கத்து சென்டரில் கேட்டதாகச் சொன்னதும்:

பட்டர்ஃப்ளை கார்ப்ரேட்டருக்கும் இதற்கும் வித்தியாசம்? இதில் ஸ்லைடே காற்று வழியின் அளவை மாற்றுகிறது, வென்சுரி, அதாவது காற்று வழியின் குறுகிய பகுதி, நிலையானது அல்ல. சிவி கார்ப்ரேட்டரில் ஸ்லைடைத் தூக்குவது வேக்குவம், இதில் நம் கை.

எல்லா மொபெட்டிலும் நீடில் உண்டா? இல்லை. பியாஜியோ சியாவோவில் வந்த டெல்லோர்ட்டோ எஸ்எச்ஏ கார்ப்ரேட்டரில் நீடிலே கிடையாது, மெயின் ஜெட்டையும் ஸ்லைடையும் வைத்தே சமாளிக்கும். நம் ஊர் லூனா அந்த சியாவோவைப் பார்த்து 1972-இல் வந்தது என்று சேர்த்துச் சொன்னால் எக்ஸாமினர் முகம் மலரும், அவர் வயசுக்காரர்களுக்கு லூனா என்றால் தனிப் பாசம்.

ஊட்டிக்கு ஏறினால் ஏன் வண்டி திணறுகிறது? 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, ஜெட் அதே ஜெட், அதனால் ரிச். நீடிலை ஒரு காடி இறக்கலாம், சின்ன மெயின் ஜெட் போடலாம்.

பெட்ரோலில் ஆயில் கூடப் போட்டால் கலவை ரிச்சா லீனா? பலர் ரிச் என்கிறார்கள், புகையைப் பார்த்து. ஆயிலும் பெட்ரோலும் 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 1:25 என்றால் 40. அதே ஜெட் வழியாக வரும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. காற்று அதே அளவு. ஆகவே லீன்.

எத்தனால் கேள்வி இந்த வருடம் புதிது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால் பழைய ஜெட்டில் வண்டி கொஞ்சம் லீனாக ஓடும், ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷர் ஊதிப்போகும். மாதக் கணக்கில் நிறுத்தும் வண்டி என்றால் கிண்ணத்தைக் காலி செய்து வைக்கச் சொல்லுங்கள். ஐடிஐ ஷெட் வண்டியும் அப்படி நிற்கிற வண்டிதான், எனவே ஜாப் ஆரம்பித்ததும் முதல் வேலையாகக் கிண்ணத்தைக் கழற்றி அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பாருங்கள்.