வாசனை போனவர்களுக்கு: நான் செய்த மூக்குப் பயிற்சி

கொரோனாவுக்குப் பிறகு வாசனை வராமல் தவிப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்குக் குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை, மூக்கு இல்லாமல் நடக்காது. ஃபெர்மென்டிங் ரூமில் அரைத்த இலையை ஒரு கை அள்ளி முகர்ந்து, பச்சை வாடை போய்ப் பழ வாசனை ஏறியதும்தான் டிரையருக்கு விடுவோம். எனக்கு அந்த இலை கையில் வெறும் ஈரமாகத்தான் இருந்தது. செம்பு நிறத்தையும் கடிகாரத்தையும் நம்பி ஓட்டினேன்.

டாக்டர் பயிற்சி செய்யச் சொன்னார். முகர வேண்டியவை ரோஜா, யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சை, கிராம்பு. ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை இது: தினம் இரண்டு வேளை, 12 வாரம். தைலத்துக்கு நம்ம மலையில் பஞ்சமா, சின்ன பாட்டிலில் பஞ்சு வைத்து இரண்டு சொட்டு விட்டால் போதும். ஆனால் தைலத்தில் முதலில் ஏறும் சில்லிப்பை வாசனைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதைக் கொண்டுபோவது முகத்தின் தொடு உணர்வுக்கான வேறு நரம்பு.

வெறுமனே முகர்ந்தால் எப்படிச் சரியாகும் என்று புரியாமல் என்னால் தொடர முடியவில்லை, தேடிப் படித்தேன். மூக்கில் வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991இல் கண்டுபிடித்தார்கள், 2004இல் நோபல். மனிதரில் வேலை செய்பவை சுமார் 400. மூக்கின் ஒவ்வொரு நரம்பணுவும் பொதுவாக அதில் ஒன்றைத்தான் இயக்கும், ஒரே ஏற்பி உள்ள அணுக்களின் இழைகள் மூளையின் முகர்குமிழில் ஒரே முடிச்சுகளில் போய்ச் சேரும். அதுவரை கச்சிதம். அதற்கு அடுத்து வாசனையைக் கையாளும் மூளைப் பகுதியான பிரிஃபார்ம் கார்டெக்ஸில் இந்த வரிசை கலைந்துவிடுகிறது. எலிகளில் பார்த்தால் ரோஜாவுக்கு ஓர் இடம், கிராம்புக்கு ஓர் இடம் என்று கிடையாது, அங்கங்கே சிதறிய அணுக்கள் சேர்ந்து விழிக்கின்றன. முழுக்கக் குழப்பம் என்றும் சொல்ல முடியாது: 2022இல் எலி நரம்பணுக்களுக்குத் தனித்தனி ஆர்என்ஏ அடையாளம் போட்டுப் பார்த்ததில், இணைப்புகளில் முன்பக்கம் பின்பக்கம் என்று ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஆனாலும் எந்த அணுக்கள் எந்த வாசனைக்குச் சேர வேண்டும் என்பதில் பழக்கத்துக்குப் பெரிய பங்கு. மூக்கில் நரம்பணுக்கள் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கும், அவற்றுக்கு வேலை கொடுக்க வேண்டியது நாம்தான். இது புரிந்த பிறகு பாட்டிலை எடுக்க அலுப்பே வரவில்லை.

நடுவில் ஒரு கட்டம் கொடுமை. வெங்காயம் வதக்கினால் கருகின ரப்பர் வாடை, சோறு இறங்காது. திரும்பி வரும் வழியில் பலருக்கு இப்படி ஆகுமாம், பயந்து விட்டுவிடாதீர்கள். எனக்கு முதலில் கிராம்பு வந்தது, அப்புறம் எலுமிச்சை, ரோஜா கடைசி. வெங்காயம் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள், காய்ந்த பஞ்சை முகர்ந்து பயனில்லை. கேஸ் கசிந்தாலும் தெரியாது என்பதால், சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.