வாங்கிய காயும் வைத்த குழம்பும்: கோத்தகிரியில் ஒரு திட்டப்பணி

கோத்தகிரியில் நான் பணியாற்றிய சிறு தொண்டு அமைப்பு, சுற்றுவட்டார விவசாயிகளின் காய்கறிகளை இணையவழியில் விற்கவும், அவற்றைக் கொண்டு குறைந்த செலவில் சமைக்கும் குறிப்புகளை அதே தளத்தில் வெளியிடவும் தீர்மானித்தபோது, திட்ட அறிக்கை எழுதும் வேலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. நான் அங்கே கணக்கு எழுதுபவள். கணக்கும் தெரியும், சமைக்கவும் தெரியும், ஆகவே நீங்களே எழுதிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னதை அப்போது பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

என் முதல் வரைவு சமையல் குறிப்பிலிருந்து தொடங்கியது. அவியல் வைக்க நினைப்பவர் அவியல் படத்தைத் தொட்டால், அதற்கு வேண்டிய காய்கள் நான்கு பேருக்கான அளவில் கூடையில் விழும். யூபிஐ வழியாகப் பணம் கட்டினால் மாலைக்குள் பை வீட்டுக்கு வரும். கோவையிலிருந்து மென்பொருள் எழுதிக்கொடுக்க வந்த இளைஞர்கள் இருவர் இதைத் திரையில் வரைந்தும் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அந்தத் திரைகளை எடுத்துக்கொண்டு கட்டபெட்டுப் பக்கத்தில் தேயிலை பறிக்கும் பெண்களிடம் கருத்துக் கேட்கப் போனோம். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த ஓர் அம்மாள், கைப்பேசியை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னைக்கு இதைச் சமைக்கணும்னு நினைச்சு யார் தங்கச்சி காய் வாங்குறது? எது மலிவோ அதை வாங்கிட்டு வந்து, அதுக்குத் தக்கனதானே சமைக்கிறது?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் என் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன் என்பது, திரும்பி வரும்போது பேருந்தில்தான் எனக்கு உறைத்தது. கோஸ் விலை இறங்கிய வாரம் கோஸ் பொரியல், கோஸ் கூட்டு, கோஸ் அடை என்று நகரும். கேரட் விலை ஏறிய வாரம் சாம்பாரில் கேரட் இருக்காது. நாற்பது ஆண்டுகளாகக் கண்ணால் பார்த்த வழக்கத்தை விட்டுவிட்டு, எங்கோ பார்த்த வேறொரு நகரத்து வழக்கத்தைத் திட்டமாக எழுதியிருந்தேன். இரண்டாம் வரைவில் வரிசையைத் தலைகீழாக்கினோம்: முதலில் அன்றைய விலைப்பட்டியல், அதன் கீழே அந்த விலையில் வைக்கக்கூடிய இரண்டு மூன்று பண்டங்கள்.

விலைப்பட்டியல் என்றதும் உழவர் சந்தையை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும் வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் அமையும்படி ஒவ்வொரு நாளும் விலை குறிக்கப்படுகிறது. அடையாள அட்டை பெற்ற விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது. நாங்களோ சேவைக் கட்டணம், பை, வண்டி வாடகை எல்லாவற்றையும் சேர்த்து, அதற்குப் பிறகும் சந்தையைவிட மலிவாகத் தருவோம் என்று அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தோம். அந்தப் பக்கத்தை நானே கிழித்துப் போட்டேன். சந்தையின் கரும்பலகை விலையைக் காலையில் தளத்தில் ஏற்றினால் போதும், அதனோடு போட்டியிட வேண்டாம் என்று முடிவானது.

உள்ளூர் என்ற சொல்லும் நினைத்த அளவுக்கு எளிதாக இல்லை. நீலகிரியில் விளையும் உருளைக்கிழங்கும் பூண்டும் பெரும்பாலும் மேட்டுப்பாளையத்து மண்டிகளுக்கு இறங்கி, அங்கே ஏலம் போய், பிறகுதான் ஊர்களுக்குப் பிரிகின்றன. நெடுகுளாவில் தோண்டிய கிழங்கு மலையிறங்கி, மறுபடி மலையேறி, கோத்தகிரிக் கடையில் உட்கார்ந்திருக்கவும் கூடும். அது உள்ளூர்ப் பொருளா, வெளியூர்ப் பொருளா என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பிற்பகல் முழுவதும் வாதம் நடந்தது. மறுபுறம் சின்ன வெங்காயம், தேங்காய், முருங்கைக்காய், புளி இவையெல்லாம் சமவெளியிலிருந்து வந்தாக வேண்டும். இவை இல்லாமல் குழம்பு ஏது? கடைசியில், காய்க்குப் பக்கத்தில் விளைந்த இடத்தை எழுதுவது, தெரியாவிட்டால் காலியாக விடுவது என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். கேரட் தொடர்பாக மட்டும் நான் பிடிவாதமாக ஒரு குறிப்பைச் சேர்த்தேன். கேத்தி பாலாடா பக்கத்தில் இயந்திரத்தில் கழுவிப் பளபளப்பாக வரும் கேரட் கண்ணுக்கு அழகு. மண்ணோடு வரும் கேரட் வீட்டில் கூடுதல் நாள் தாங்கும். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கடைக்குப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு பணம்.

எங்கள் வேலையில் மிக அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது சமையல் குறிப்புகள்தான். முதல் தொகுப்பைச் சென்னையில் உள்ள ஒருவரிடம் எழுதி வாங்கியிருந்தோம். நன்றாக எழுதுபவர், அளவுகளும் துல்லியம். காய்ந்த அவரைப் பருப்பை இரவு ஊறவைத்து மூன்று விசில் விடவும் என்று இருந்தது. சோதனைக்கு ஒப்புக்கொண்ட வீடுகளில் அதை அப்படியே செய்தார்கள். அடுத்த நாள் எனக்கு வந்த குரல்செய்திகளில் ஒன்று கூடப் பாராட்டாக இல்லை. பருப்பு பல்லில் நின்றது. தவறு எழுதியவருடையதும் அல்ல, சமைத்தவர்களுடையதும் அல்ல. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அது இன்னும் ஒரு பாகைக்கு மேல் குறையும். குக்கர் இந்தக் குறையைப் பெருமளவு ஈடு செய்தாலும், அதன் குண்டு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இவ்வளவு என்றுதான் அழுத்தத்தைக் கூட்டுகிறது என்பதால், உள்ளே இருக்கும் வெப்பமும் சமவெளிக் குக்கரைவிடச் சில பாகை குறைவாகவே நிற்கும். சென்னையின் மூன்று விசில் இங்கே ஐந்தோ ஆறோ ஆகிறது. இது மலையில் சமைக்கும் யாருக்கும் தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் கை பழகிய அறிவு என்பதால், எழுத்தில் மூன்று என்று பார்த்ததும் தங்கள் கையை நம்பாமல் எழுத்தை நம்பிவிட்டார்கள். அச்சில் வந்ததற்கு மக்கள் தரும் மதிப்பு எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஊறவைப்பதிலும் இதே கதை. மார்கழிக் குளிரில் சமையலறைத் தண்ணீரில் இரவெல்லாம் கிடந்தாலும் கடலை முழுதாக ஊறுவதில்லை. வெதுவெதுப்பான நீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். இட்லி மாவு எட்டு மணி நேரத்தில் பொங்கும் என்ற வரியைப் படித்துவிட்டு என் அம்மா, “எந்த ஊர்ல?” என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். இங்கே வெந்தயம் கூட்டி அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, பழைய கம்பளியைச் சுற்றி அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்தால் மறுநாள் மதியமாவது புளிக்கும். ஆகவே இட்லி என்பது இங்கே மலிவான உணவுதான் என்றாலும் திட்டமிட வேண்டிய உணவு. எல்லாக் குறிப்புகளையும் இங்குள்ள அடுப்பில் ஒரு முறை வைத்துப் பார்க்காமல் ஏற்றக்கூடாது என்று விதி செய்தோம். அதனால் நூறு குறிப்புகள் என்று நிதி தந்தவர்களிடம் சொல்லியிருந்த எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே இறங்கியது. அவர்களுக்கு விளக்கம் எழுதிய கடிதம்தான் அந்த ஆண்டில் நான் எழுதியவற்றில் நீளமானது.

கணக்கு என் துறை என்பதால் அதில் நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று தலைப்பிலேயே போட்டிருந்தேன். கால் மூடி தேங்காய் என்றால் கால் மூடிக்கு உரிய விலை, இரண்டு கிராம்பு என்றால் இரண்டு கிராம்புக்கு உரிய விலை. கணக்குப் புத்தகத்தில் இது சரி. கையில் இருநூறு ரூபாயோடு கடைக்குப் போகும் பெண்ணுக்கு இது பொய், ஏனென்றால் அவர் தேங்காயை முழுதாகத்தான் வாங்க வேண்டும், கிராம்பைப் பாக்கெட்டாகத்தான் வாங்க வேண்டும். ஆகும் செலவும் அன்றைக்குக் கைவிட்டுப் போகும் பணமும் வேறு வேறு என்பதை, தினமும் பேரேட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிற நானே மறந்திருந்தேன். இதைச் சரிசெய்ய, குறிப்புகளைத் தனித்தனியாக விடாமல் ஒன்றோடொன்று கோத்தோம்: ஞாயிறு சம்பலுக்கு உடைத்த தேங்காயின் மற்ற மூடி செவ்வாய்க்கிழமை கூட்டுக்குப் போகும், குழம்புக்கு வாங்கிய முள்ளங்கியின் கீரை மறுநாள் பொரியலாகும். தனிப் பண்டத்துக்கு விலை போடுவதை நிறுத்திவிட்டு, ஒரு வாரத்துக்கு மொத்தமாக எவ்வளவு கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் எழுதினோம்.

சிக்கனச் சமையலின் அடித்தளம் நியாயவிலைக் கடை என்பதையும் முதல் வரைவு கண்டுகொள்ளவில்லை. விலையில்லா அரிசி, கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் என்று மாதத்தின் பாதிச் சமையல் அங்கேதான் தீர்மானமாகிறது. பருப்பு என்று வருவது சில மாதம் துவரை, சில மாதம் கனடாவின் மஞ்சள் பருப்பு. இரண்டுக்கும் வேகும் நேரமும் குழையும் விதமும் வேறு என்பதால் ஒவ்வொரு பருப்புக் குறிப்பிலும் இரண்டையும் எழுத வேண்டியிருந்தது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். படகர் வீடுகளின் முதியவர்களுக்குக் கேழ்வரகு பழைய உறவு. களி கிண்ட அவர்களுக்கு எந்தக் குறிப்பும் வேண்டாம். ரொட்டியும் சோறுமாக வளர்ந்த மற்றக் குடும்பங்களில் சிலர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள். கேழ்வரகில் தேங்காயும் பச்சை மிளகாயும் சேர்த்த ரொட்டி ஒன்றை அவர்கள் கைப்பக்குவத்திலேயே உருவாக்கினோம். எங்கள் குறிப்புகளில் அதுதான் அதிகம் பகிரப்பட்டது. அதிலும் மாவாக அரைக்கும் கூலியைக் கணக்கில் விட்டிருந்தேன். அரைப்பதற்கு முன் தானியத்தைக் கழுவிக் காயவைக்க வேண்டும், ஐப்பசி மூடுபனியில் வெயில் எங்கே என்று ஒருவர் கேட்டபோது, பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சௌசௌவை மேராக்காய் என்று தேடுபவருக்கும், நூக்கோலை நூல்கோல் என்று எழுதுபவருக்கும் ஒரே பக்கம் திறக்க வேண்டும். அளவுகளில் கிராமோடு கட்டு, கூறு, பிடி எல்லாம் இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையில் தானாக முளைக்கும் கீரைகளைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வந்தபோது, களைக்கொல்லி அடித்த நிலத்தையும் அடிக்காத நிலத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்ட முடியாது என்பதால் நான் மறுத்தேன். காட்டுக் காளானுக்கும் அதே பதில். இலவசமாகக் கிடைப்பவற்றை ஒதுக்கிவிட்டுச் சிக்கனம் பேசுகிறீர்களே என்ற குறை நியாயமானதுதான், ஆனாலும் அதில் நான் இறங்கி வரவில்லை.

வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் திட்டம் இரண்டு முறை உடைந்தது. சோலூர்மட்டம் பக்கத்தில் பச்சைத் தேயிலை ஏற்ற வரும் வண்டிகள் காலையில் காலியாகத்தானே வருகின்றன, அவற்றில் காய்ப் பைகளை ஏற்றி அனுப்பலாமே என்று ஓட்டுநர் ஒருவர் சொன்னபோது எல்லோருக்கும் உற்சாகம். தொழிற்சாலைக்காரர்கள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்கள்: தேயிலை எந்த வாசனையையும் எளிதில் பிடித்துக்கொள்ளும், பூண்டும் வெங்காயமும் ஏறிய வண்டியில் இலை ஏறாது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். பிறகு வாடகை ஜீப் வைத்து, ஒரு பைக்கு இவ்வளவு கட்டணம் என்று போட்டுப் பார்த்தோம். அதற்குள், 2024இல் மகளிருக்கான கட்டணமில்லா விடியல் பயணம் மலைப்பகுதிப் பேருந்துகளுக்கும் வந்தது. காசில்லாமல் பேருந்தேறிச் சந்தைக்கு வந்து, காயைத் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி, வழியில் நாலு பேரிடம் பேசிவிட்டுப் போக முடிகிறபோது, பைக்குக் கட்டணம் கட்டி வீட்டில் உட்கார்ந்திருக்க யாருக்கு மனம் வரும்? கட்டண அட்டவணையை நான் தயாரித்து முடித்த வாரத்தில்தான் இது நடந்தது.

இப்போது தளம் என்று எஞ்சியிருப்பது சிறியது. காலை ஏழு மணிக்குள் சந்தை விலையும் அதற்கேற்ற இரண்டு பண்டங்களும் எழுத்தாகவும் குரலாகவும் வாட்ஸ்அப்பில் போகின்றன. சிக்னல் விட்டு விட்டு வரும் ஊர்களில் படங்களை விடக் குரல் முந்திச் சேர்கிறது. கூடை என்ற பொத்தான் மகளிர் குழுக்கள் செய்யும் மசாலாப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் மட்டும் நிற்கிறது. அவற்றுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தோம். நெகிழித் தடை உள்ள மாவட்டம் என்பதால் பொடியைக் கண்ணாடிப் புட்டியில் அடைக்க வேண்டியிருக்கிறது. சில நேரம் புட்டியின் விலை பொடியின் விலையை எட்டிப் பிடிக்கிறது, அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.

அவரைப் பருப்புக் குறிப்பை மட்டும் இன்னும் வெளியிடவில்லை. கோத்தகிரிக்கு ஆறு விசில் என்று உறுதியாகிவிட்டது. ஊட்டிக்கும் அதே எண்ணைப் போடலாமா என்பதைத் தெரிந்துகொள்ள, வரும் ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ பருப்பையும் என் குக்கரையும் எடுத்துக்கொண்டு தலைகுந்தாவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன்.